சொல்தா வீட்டுப் பத்திரம்

ஒருவனைப் படைவீரனாக்குவது பிறந்த மண்ணா, கையிலுள்ள பத்திரமா என்பது தலைப்பு. மண்தான்னு எதிரணிச் சகோதரி உருக்கமாப் பேசிட்டுப் போயிருக்காங்க. கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனா எந்த ஊர் மேடையில நின்னு பேசினாங்க? புதுச்சேரியில! இந்த ஊர்ல மண்ணை வச்சுக் கணக்குப் போட்டா, கணக்கு உதைக்குமே அய்யா! (சிரிப்பு)

இங்கே "சொல்தா வீடு எது?" என்று கேட்டால் சின்னப் பிள்ளை கூடக் கை காட்டும். சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். அவர் நிறமும் நம்ம நிறம், பேச்சும் நம்ம பேச்சு. மீன்குழம்பு இல்லாம அவருக்குச் சோறு இறங்காது. ஆனா பென்ஷன் மட்டும் பிரான்சிலிருந்து வரும்!

எப்படி வந்தது இது? 1881 செப்டம்பர் 21-ல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. "என் சாதி, சமய வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டேன், பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்கிறேன்" என்று யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். கூடவே ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். மதம் மாற வேண்டாம், ஊர் மாற வேண்டாம். ஒடுக்கப்பட்டவர்கள் பலர் எழுதிக் கொடுத்தார்கள். ஏன் கொடுக்க மாட்டார்கள்? ஊருக்குள்ளே தலைநிமிர விடாத சாதியை ஒரு கையெழுத்தில் கழற்றிப் போடலாமே! அந்தப் பத்திரத்தோடு சைகோனுக்குக் கப்பலேறியவர்கள் போலீசிலும் சுங்கத்திலும் பட்டாளத்திலும் வேலை பார்த்தார்கள்.

அடுத்தது 1962. இந்தியாவும் பிரான்சும் 1956-ல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அந்த ஆண்டு ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தது. இப்ப ஒரே வீட்டில் அண்ணன், தம்பி இரண்டு பேர்னு வச்சுக்குங்க. ரெண்டு பேருமே புதுச்சேரியில் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்கள். அண்ணன் பிரான்சில் குடியிருக்கிறான். அவன் எதுவும் எழுத வேண்டாம், பிரெஞ்சுக்காரனாகவே இருப்பான். தம்பி இங்கே இருக்கிறான். ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக்காரன், சும்மா இருந்தால் இந்தியன். ஒரே வயிறு, ஒரே மண்! தாத்தா அன்னைக்கு எழுதிக் கொடுத்தாரான்னு பேரன்கள் இன்னமும் பழைய பெட்டியைக் கிளறிக்கிட்டிருக்காங்க. அந்தப் பத்திரம் பத்திரமா இருந்தாத்தான் பேரன் பிரெஞ்சுப் பட்டாளத்து வாசலை மிதிக்கலாம்! (கைதட்டல்)

"அது வெள்ளைக்காரன் சட்டம்" என்பார்கள். நம்ம 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் என்ன சொல்லுது? குடிமகன் அல்லாதவரை மத்திய அரசின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் சேர்க்கக் கூடாது. ஆனால் நேபாளியைத் தடுக்கக் கூடாது! அவன் நம் மண்ணில் பிறந்தவனா? 1947-ல் இந்தியா, நேபாளம், பிரிட்டன் மூன்றும் போட்ட ஒப்பந்தம் அவனுக்குத் துணை. 2022-ல் அக்னிபாத் வந்தது. பழைய ஒப்பந்தத்துக்கு இது ஒத்துவராது என்று நேபாளம் ஆளெடுப்பை நிறுத்திவைத்தது. மலை அப்படியே இருக்கு, பையனும் அப்படியே இருக்கான். விதி மாறிப்போச்சு.

பிரான்சில் 1831-லிருந்து அயல்நாட்டவருக்கென்றே ஒரு படை உண்டு. அதிலே சண்டையில் காயம்பட்டவனுக்குக் குடியுரிமை தர 1999-ல் சட்டம் செய்தார்கள். ரத்தம் சிந்தினவனுக்கும் கடைசியில ஒரு தாள் தேவைப்பட்டிருக்கு, பாருங்க!

நம்ம கடற்கரைச் சாலையில் முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் நிற்கிறது, 1938-ல் திறந்தது. பிரெஞ்சிந்தியாவிலிருந்து போய்த் தாய்நாட்டுக்காக மாண்டவர்களுக்கு என்று அதில் எழுதியிருக்கு. எந்தத் தாய்நாடு? எதிரணிச் சகோதரி வீட்டுக்குப் போற வழிதான், வாசிச்சுட்டு வந்து சொல்லட்டும்.