அண்டை வீட்டான் ஏன் வாய் திறக்கவில்லை?

பட்டாபிராமில் ரயிலேறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கும் இளைஞன், சாலையைக் கடந்ததும் பர்மா பஜாரைக் காண்பான். பொருளுக்கு விலை பேசுவான், வாங்குவான், திரும்புவான். பர்மாவின் பெயர் சென்னைத் தெருவுக்கு எப்படி வந்தது என்று கேட்பவர் எத்தனை பேர்?

1962 மார்ச் 2 அன்று, படைத்தலைவர் நே வின் பர்மாவின் ஆட்சியைப் பறித்தார். நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் சுடப்பட்டனர். மாணவர் சங்கக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1964இல் கடைகள் அரசுடைமையாயின. 50, 100 கியாத் தாள்கள் செல்லாதவையாயின. ஏறத்தாழ மூன்று லட்சம் இந்திய வம்சாவளியினர் வெளியேறினர். அவர்களுள் தமிழர் ஏராளம். வாழ்நாள் உழைப்பை அங்கே விட்டு, வெறுங்கையோடு கப்பலேறினர்.

பர்மியர் மனக்குறைக்கும் காரணம் இருந்தது. அதை மறைப்பது அறிவுடைமை அன்று. 1930களின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின், முதன்மையான நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டிநாட்டு லேவாதேவிக்காரர் கைக்குப் போயிற்று. ஆயினும், மூட்டை சுமந்த கூலி செய்த குற்றம் என்ன? சிறுகடை வைத்திருந்தவன் யாருடைய வயலைப் பறித்தான்?

கப்பல் அனுப்பிய இந்தியா, மக்களை ஏற்றுக்கொண்டது, மறுவாழ்வுக்கு உதவியது. நே வின்னை மட்டும் எதிர்க்கவில்லை. ஏன்? 1962 இறுதியில் சீனப்போரில் அடிபட்டிருந்தது டில்லி. கடிந்து பேசினால் ரங்கூன் பீக்கிங் பக்கம் சாய்ந்துவிடுமோ என்ற அச்சம்! நாகர் கிளர்ச்சியாளர் எல்லைக்கு அப்பால் புகலிடம் தேடினர். அவர்களை அடக்க ரங்கூனின் தயவு வேண்டும். 1967இல் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கோடு கிடைத்தது, கொள்ளை போனதற்கு ஈடு கிடைத்ததா?

இது ஆசியாவுக்கு மட்டும் உரிய நோயன்று. 1972இல் உகாண்டாவின் இடி அமீன், ஆசியர்களுக்கு 90 நாள் கெடு வைத்துத் துரத்தினார். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்போ, உள்நாட்டு விவகாரத்தில் தலையிடோம் என்ற விதியைக் காட்டி ஒதுங்கியது. 1975இல் அவரையே தலைவராக்கி அவர் தலைநகரிலேயே மாநாடு கூட்டியது! ஜிம்பாப்வேயின் முகாபே 1980 முதல் 2017 வரை ஆண்டார். விடுதலைப் போரில் தோள்கொடுத்த அண்டை நாட்டுத் தலைவர்கள், பழைய தோழனைக் குறை கூறினால் வெள்ளையன் குரலை எதிரொலித்ததாகுமே என்று தயங்கினர். அகதிகள் வெள்ளமாய் வருவரோ என்ற கவலை வேறு. தம் வீட்டுக் குற்றமும் நாளை அலசப்படுமே என்ற நடுக்கம், வாய்விட்டுச் சொல்லப்படாத காரணம்!

ஆதிக்கக்காரன் அடிமைப்படுத்திய நாடுகள் தன்னுரிமையைப் பொன்போல் போற்றுவது இயல்பே. ஆனால் தன்னுரிமை யாருக்கு? நாட்டு மக்களுக்கா, அவர்களை மிதிக்கும் ஒருவனுக்கா?

போர், இல்லையேல் மௌனம்: இரண்டே வழிதான் என்பர். வரலாறு அதை மறுக்கிறது. 1975 மாநாட்டுக்குப் போக மறுத்தார் தான்சானியாவின் நைரேரே. சாம்பியாவும் போட்ஸ்வானாவும் உடன் நின்றன. ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. உண்மை மட்டும் ஒலித்தது. 1978இல் அமீனின் படை தன் மண்ணில் புகுந்த பின்னரே அவர் படை நடத்தினார். 1979 ஏப்ரலில் கம்பாலா வீழ்ந்தது. 2021 பிப்ரவரியில் பர்மாவில் படையினர் மீண்டும் ஆட்சியைப் பறித்தபோது, தலையிடாமையை மந்திரமாய் ஓதிவந்த தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பே, அவ்வாண்டு அக்டோபர் மாநாட்டுக்குப் படைத்தலைவரை அழைக்கவில்லை. சிறிய செயல்தான்; ஆயினும் முடியாது என்று சொன்னதை முடியும் என்று காட்டிய செயல்.

தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு, தோழர்களே! காரணம் உள்ளதெல்லாம் நியாயம் ஆகிவிடாது. அரசுகள் எல்லையை எண்ணும்; வணிகத்தை எண்ணும். மனிதனை எண்ணச் சொல்ல மக்கள் வேண்டும். அடுத்த முறை பர்மா பஜாரில் விலை கேட்கும்போது, மௌனத்துக்கு யார் விலை கொடுத்தார் என்றும் கேளுங்கள்.