ஒரு ரூபாய்க் கடல்

மூவாயிரம் அடி மேட்டில் இருக்கும் பெங்களூர்க்காரர் கடலைத் திரையில் பார்க்க ஆசைப்பட்டால் நியாயம். அரபிக் கடலை நடக்கிற தூரத்தில் வைத்திருந்த பம்பாய்க்காரருக்கு என்ன வந்தது? 1896 ஜூலை 7, மழைக்காலம். வாட்சன் ஹோட்டலில் ஒரு ரூபாய் கொடுத்து உள்ளே போனவர்கள் பார்த்த ஆறு படங்களில் ஒன்று 'கடல் குளியல்'. ஆஸ்திரேலியா போகும் வழியில் இறங்கிய மாரியஸ் செஸ்டியே, லூமியே சகோதரர்களுக்காகக் காட்டியது.

கதை என்று எதுவும் இல்லை. பலகைப் பாலத்தின்மேல் ஓடிவந்து தொபுக்கென்று குதிக்கிறார்கள். ஏறிவந்து மறுபடி குதிக்கிறார்கள். ஒரு நிமிஷம்கூட ஓடாது. அன்று நான்கு காட்சிகள். ஆறு மணிக்கு உடைந்த அலை ஏழு மணிக்கும் அதே இடத்தில் அப்படியே உடைந்தது. வெளியே இருந்த கடலுக்கு இந்த வித்தை தெரியாது!

என் ஓட்டு, லூமியே 1895-ல் லா சியோத்தாவில் எடுத்த படகுப் படத்துக்கு. மூன்று பேர் துறைமுகத்தைவிட்டுக் கிளம்புகிறார்கள். அணைக்கல்லின் மேல் குழந்தைகளோடு இரண்டு பெண்கள். எல்லாம் ஏற்பாடுதான். அணையைத் தாண்டியதும் அலை படகைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. துடுப்பு வலிக்கிறவர்கள் திணறுகிறார்கள். அங்கேயே பிலிம் தீர்ந்துவிடுகிறது. கரை சேர்ந்திருப்பார்கள்தான், இருந்தாலும் மனசு கேட்கமாட்டேன் என்கிறது. ஆலைத் தொழிலாளர் வெளியேறும் படத்தை லூமியே மூன்று தடவை எடுத்தார். தொழிலாளரை மறுபடி நடக்கச் சொல்லலாம், அலையிடம் யார் போய்ச் சொல்வது? பர்ட் ஏக்கர்ஸ் எடுத்த டோவர் கடற்படத்தில் பார்க்க அலையைத் தவிர வேறொன்றும் இல்லை. 1896 ஏப்ரலில் நியூயார்க் ரசிகர்கள் அதைத்தான் கொண்டாடினார்கள்.

நம் நாட்டிலும் தண்ணீர்மேல் கேமரா போயிருக்கிறது. 1899-ல் கங்கையில் ஒரு படகில் இருந்து எடுத்த படத்தை லண்டனின் வார்விக் நிறுவனம் விற்றது. படித்துறைகள் ஒவ்வொன்றாக நகர்கின்றன, படிகளில் கூட்டம், கரையோரம் படகுகள். இந்தியாவில் எடுத்தவற்றில் தப்பிப் பிழைத்த மிகப் பழைய படங்களில் ஒன்று. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதன் தலைப்போ 'கல்கத்தா காட்சி'. படத்தில் இருப்பது காசி! லண்டனில் யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. காசிக்குப் போய்வந்த நம்மூர்ப் பாட்டி யாராவது பார்த்திருந்தால் முதல் படித்துறையிலேயே பிடித்திருப்பாள்.

அடுத்த வாரம் பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்கே வருவோம்: வீரபத்ர முதலியாரின் எல்ஜின் டாக்கீஸ்.

(தொடரும்)