மெய்நிகர் திரைக் கண்ணாடி (பயணப் பணியில்)

மேசைத் திரைக்குப் பதிலாகத் தலையில் அணியும் கருவி. மடிக்கணினியின் காட்சியை வாங்கி, அணிபவரின் கண்முன் பெரிய திரையாக விரிக்கும். மெட்டா குவெஸ்ட் 3 (2023), ஆப்பிள் விஷன் புரோ (2024) ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. குவெஸ்ட் 3இன் எடை 515 கிராம். மின்கலம் ஏறத்தாழ 2 மணி நேரமே தாங்கும். ஆகவே வெளி மின்கலமோ மின்னிணைப்போ இன்றி முழுநாள் வேலை நடக்காது.

கருவியின் உண்மையான சோதனை ஓடும் ரயிலில்தான். இலங்கையின் கொழும்பு–பதுளைப் பாதையில் ஹட்டனைத் தாண்டியதும் வளைவுகள் ஓயாது. கருவியிலுள்ள அசைவு உணரி ரயிலின் திருப்பத்தைத் தலையின் திருப்பமாக எடுத்துக்கொள்ளும். கேமராக்களுக்கோ பெட்டி அசையாமல் தெரியும். இரண்டும் முரண்பட, திரை மெல்ல நகர்ந்து சன்னல் பக்கம் போய்விடும், தலையும் சுற்றும். இதற்கென வந்த பயண முறை இந்தப் பிழையைக் குறைக்கிறது. கொட்டகலைக்கு முன்னுள்ள சிங்கமலைச் சுரங்கத்தில் பெட்டி விளக்கு எரியாவிட்டால் கேமராவுக்குப் பிடிமானமே இல்லை.

நுவரெலியாவின் குளிரில் முகத்தின் வெப்பமும் மூச்சின் ஈரமும் வில்லைகளில் பனியாகப் படியும். அணியுமுன் கருவியைச் சற்றுச் சூடேற விடுவது நல்லது. கம்பியில் இணையும் மடிக்கணினிக்கு இணையம் தேவையில்லை என்பதால், அலைபேசிச் சமிக்ஞை எட்டாத தோட்டங்களிலும் திரை விரியும். நுண்ணெழுத்தைப் பொறுத்தவரை, நல்ல மேசைத் திரையின் தெளிவை குவெஸ்ட் 3 எட்டவில்லை.