குடிவழி ஆய்வில் செல்லப் பிராணிகள்

குடிவழி ஆய்வில் செல்லப் பிராணிகள் என்பது, ஒரு குடும்பத்தின் முன்னோரையும் வழித்தோன்றல்களையும் தேடித் தொகுக்கும்போது, அக்குடும்பத்தினர் வளர்த்த நாய், பூனை, குதிரை, பறவை முதலியவற்றைப் பற்றிய செய்திகளையும் சேர்த்துப் பதிவு செய்யும் வழக்கத்தைக் குறிக்கும். குருதி உறவோ மண உறவோ இல்லாததால் விலங்குகள் குடும்ப மரத்தின் கிளைகளாகக் கொள்ளப்படுவதில்லை. எனினும் அவற்றைப் பற்றிய ஆவணங்கள், அவற்றை வளர்த்த மனிதர்களின் பெயர், இருப்பிடம், வாழ்ந்த காலம் ஆகியவற்றை அறிய உதவுகின்றன. இதனாலேயே இச்செய்திகள் ஆய்வில் மதிப்புப் பெறுகின்றன. குடிவழி மென்பொருள்களில் இவற்றை எங்கு, எவ்வாறு இடுவது என்பது கவனத்துக்குரிய ஒரு சிக்கலாகும்.

பழைய பதிவுகள்

விலங்குகளைப் பெயர் குறித்துப் பதிவு செய்யும் வழக்கம் பழமையானது. திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள எடுத்தனூர் நடுகல், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் காலத்தைச் (7ஆம் நூற்றாண்டு) சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக நடப்பட்ட இக்கல்லில் அவனுடைய நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்றது என்பதையும் அதிலுள்ள கல்வெட்டுக் கூறுகிறது.

கருநாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் கிடைத்த ஆதகூர் கல்வெட்டு கி.பி. 950ஆம் ஆண்டை ஒட்டியது. கங்க மன்னன் இரண்டாம் பூதுகனிடமிருந்து மணலேரன் என்னும் வீரன் பரிசாகக் கேட்டுப் பெற்ற காளி என்னும் வேட்டை நாய், காட்டுப்பன்றி ஒன்றுடன் போரிட்டு இறந்ததன் நினைவாக இக்கல் நடப்பட்டது. முதலாம் பராந்தகச் சோழனின் மகனான இராசாதித்தன் தக்கோலப் போரில் கொல்லப்பட்டதையும் இதே கல்வெட்டுக் குறிப்பிடுகிறது. நாய்க்காக எழுந்த ஒரு கல், சோழர் குடிவழி பற்றிய ஒரு முதன்மைச் சான்றாக இன்று விளங்குகிறது.

ஆவணச் சான்றுகள்

நாய் உரிமப் பதிவேடுகள்

இவ்வகைச் சான்றுகளுள் பெரிதும் பயன்படுவது அயர்லாந்தின் நாய் உரிமப் பதிவேடுகள் ஆகும். நாய்கள் கால்நடைகளைத் தாக்குவதைக் கட்டுப்படுத்தும் நோக்குடன் 1865இல் அங்கு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இதன்படி நாய் வளர்ப்போர் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டியிருந்தது. உரிமையாளரின் பெயர், ஊர், உரிமம் பெற்ற நாள், நாயின் பால், நிறம், இனம் முதலியன பதிவேட்டில் எழுதப்பட்டன.

அயர்லாந்தின் 1861, 1871, 1881, 1891 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் அரசாலேயே அழிக்கப்பட்டன. 1821 முதல் 1851 வரையான தாள்களின் பெரும்பகுதி, 1922ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரின்போது டப்ளின் நகரில் பொது ஆவணக் காப்பகம் எரிந்ததில் அழிந்தது. முழுமையாக எஞ்சியவற்றுள் முதலாவது 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே ஆகும். ஆகவே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு சிற்றூரில் யார் வாழ்ந்தனர் என்பதை அறிய, வேறு சில ஆவணங்களுடன் நாய் உரிமங்களும் மாற்றுச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

இச்சான்றைக் கையாள்வதில் கவனம் தேவை. ஆண்டுதோறும் வந்த ஒருவரின் பெயர் திடீரெனக் காணப்படாவிடின், அவர் இறந்திருக்கலாம் அல்லது நாட்டை விட்டுச் சென்றிருக்கலாம். நாய் மட்டுமே இறந்திருக்கவும் கூடும். எனவே உரிமம் இருப்பது ஒருவர் அங்கு வாழ்ந்ததற்குச் சான்றாகலாம்; உரிமம் இல்லாமை அவர் அங்கு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

இங்கிலாந்தில் 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், வீட்டுத் தலைவர்கள் தம் கையாலேயே நிரப்பிய படிவங்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. சிலர் தம் நாய், பூனைகளையும் குடும்ப உறுப்பினர் வரிசையில் எழுதியுள்ளனர். அதிகாரிகள் அவ்வரிகளை அடித்துள்ளனர். ஆனால் எழுத்துகள் இன்றும் படிக்கக்கூடியனவாக உள்ளன.

ஒளிப்படங்களும் கடிதங்களும்

நாள் குறிக்கப்படாத குடும்ப ஒளிப்படங்களின் காலத்தைக் கணிக்கவும் செல்லப் பிராணிகள் உதவும். நாய்கள் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள் வரை வாழ்கின்றன. ஒரு நாய் வீட்டுக்கு வந்த ஆண்டும் இறந்த ஆண்டும் தெரிந்தால், அது இடம்பெற்ற படங்கள் அனைத்தும் அந்த இடைவெளிக்குள் எடுக்கப்பட்டவை எனக் கொள்ளலாம். பழைய கடிதங்களில் வரும் ஒரு பெயர் குழந்தையுடையதா, நாயுடையதா என்ற ஐயம் எழுவதும் உண்டு. பிராணிகளின் பெயர்களைத் தனியே குறித்து வைத்தால், பின்னர் வரும் ஆய்வாளர் இல்லாத குழந்தை ஒன்றைத் தேடி அலைவது தவிர்க்கப்படும்.

மென்பொருள்களில் பதிவு செய்தல்

குடிவழி மென்பொருள்களுக்கு இடையே தரவுகளைப் பரிமாறுவதற்கு ஜெட்காம் என்னும் கோப்பு வடிவம் பயன்படுகிறது. மோர்மன் சபையினரால் உருவாக்கப்பட்டு 1984இல் வெளியான இதன் 7.0 பதிப்பு 2021இல் வெளியிடப்பட்டது. இவ்வடிவத்தில் தனியாளுக்கு ஒரு பதிவும், கணவன், மனைவி, பிள்ளைகளை இணைக்கும் குடும்பத்துக்கு ஒரு பதிவும் உண்டு. செல்லப் பிராணிக்கெனத் தனிப் பதிவு எதுவும் இல்லை. ஆகவே பயனர்கள் பல வழிகளைக் கையாளுகின்றனர்.

1. குறிப்பு: உரிமையாளரின் பதிவிலோ குடும்பப் பதிவிலோ குறிப்பாக எழுதுதல். இது எளிதானது. பிற மென்பொருளுக்கு மாற்றும்போதும் பொதுவாக இழப்பு ஏற்படுவதில்லை.

2. நிகழ்வு: கிராம்ப்ஸ், ரூட்ஸ்மேஜிக் போன்ற மென்பொருள்கள் பயனர் தாமே நிகழ்வு வகைகளை உருவாக்க இடமளிக்கின்றன. "நாய் உரிமம்" என ஒரு வகையை உருவாக்கி, நாள், இடம், சான்று ஆகியவற்றை இணைக்கலாம். காலவரிசையில் தோன்றுவதால் ஆய்வுக்கு இதுவே ஏற்றது.

3. ஊடகம்: பிராணியின் படத்தை இணைத்து, அதன் பெயரையும் ஆண்டுகளையும் படவிளக்கத்தில் எழுதுதல்.

4. தனியாள் பதிவு: பிராணியை ஓர் ஆளாக உள்ளிட்டு, தத்துப் பிள்ளையாகக் குடும்பத்துடன் இணைத்தல். பிராணி மரத்தில் தெரியவேண்டும் என விரும்புவோர் இதனைச் செய்கின்றனர்.

தனியாள் பதிவின் விளைவுகள்

நான்காவது வழி வீட்டளவில் மகிழ்ச்சி தந்தாலும், ஆய்வுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியது. பிள்ளைகளின் எண்ணிக்கை, சராசரி ஆயுள் போன்றவற்றை மென்பொருள் கணக்கிடும்போது பிராணியும் சேர்த்து எண்ணப்படும். 12 வயதில் இறந்த நாய், 12 வயதில் இறந்த குழந்தையாகத் தோன்றும்.

இதைத் தவிர்க்கச் சிலர் "செல்லப் பிராணி" என்னும் தனி அடையாளத்தை அப்பதிவில் இடுகின்றனர். ஆனால் இத்தகைய அடையாளங்கள் ஜெட்காம் சீர்தரத்துக்கு வெளியே பயனரோ மென்பொருளோ உருவாக்குபவை. கோப்பைப் பெறும் மற்றொரு மென்பொருள் அவற்றைப் புறக்கணிக்கலாம். அப்போது அடையாளம் மறைந்து, பெயரும் பிறப்பும் இறப்பும் உடைய ஒரு பிள்ளை மட்டுமே எஞ்சும். இணையத்தில் பகிரப்படும் மரங்களைப் பிறர் படியெடுப்பதால், இப்பிழை தொடர்பற்ற குடும்பங்களின் மரங்களுக்கும் பரவக்கூடும். பதிந்தவர் மறைந்த பின்னர் இதைத் திருத்துவது கடினம்.

விலங்குகளின் சொந்தக் குடிவழி

விலங்கின் தாய், தந்தை வழியைப் பதிவு செய்வது இதிலிருந்து வேறுபட்ட துறையாகும். இங்கிலாந்தில் பந்தயக் குதிரைகளுக்கான பொது இனப் பதிவேட்டின் அறிமுகத் தொகுதி 1791இல் வெளிவந்தது. நாய்களுக்கான கென்னல் கிளப் 1873இல் இலண்டனில் தொடங்கப்பட்டது. இத்துறையில் உள்ளினப் பெருக்கக் கெழு முக்கியமானது. சீவால் ரைட் 1922இல் வெளியிட்ட முறை இதனைக் கணிக்கப் பயன்படுகிறது. இதற்கெனத் தனி மென்பொருள்கள் உள்ளன. பொதுவான குடிவழி மென்பொருளைப் பயன்படுத்துவோர், விலங்குகளுக்குத் தனிக் கோப்பு ஒன்றை வைத்துக் கொள்வது நன்று. மனிதர்களின் கோப்பில், அந்த விலங்கை வளர்த்தவரின் பதிவில் ஒரு குறிப்பு இருந்தால் இரண்டையும் தொடர்புபடுத்தப் போதுமானது.