அல்ஜீப்ரா: முறிந்ததைச் சேர்க்கும் சொல்



"அட்சரகணிதம் எனக்குச் சரிவராது" என்று ஒதுங்கும் பிள்ளைகளை நாம் வகுப்புக்கு வகுப்பு காண்கிறோம். அவர்கள் அஞ்சும் பாடத்தின் ஆங்கிலப் பெயரை இன்று கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

ஆங்கில அகராதிகள் அதை 'அல்-ஜி-ப்ரா' என்று மூன்று அசைகளாகப் பிரிக்கின்றன. அழுத்தம் முதல் அசையில். மற்ற இரண்டும் மெலிந்து ஒலிக்கும். ஆனால் சொல் பிறந்த அரபியில் 'அல்' வெறும் முன்னொட்டு. பொருள் எல்லாம் 'ஜப்ர்' என்பதில்தான். ஆங்கிலப் பிரிப்பு அதையே இரண்டாக உடைத்துவிடுகிறது.

ஜப்ர் என்றால் முறிந்ததைச் சேர்த்தல், குறையை நிறைத்தல். இரண்டு ஸுஜூதுகளுக்கு இடையில் நாம் கேட்கும் துஆவில் வரும் 'வஜ்புர்னீ' என்ற சொல்லுக்கும் இதுவே வேர். ஸ்பெயினில் எலும்பு முறிவு வைத்தியரை 'அல்ஜெப்ரிஸ்தா' என்றே அழைத்தார்கள்.

இச்சொல்லைக் கணிதத்துக்குத் தந்தவர் முஹம்மத் இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி. கலீஃபா மஃமூனின் ஆட்சியில் (813–833) பக்தாதில் அவர் எழுதிய நூலின் தலைப்பிலேயே 'அல்-ஜப்ர்' உண்டு.

ஓர் எண்ணின் மூன்று மடங்கு, 20இலிருந்து அதே எண்ணின் இரு மடங்கைக் கழித்தால் வருவதற்குச் சமன் என்போம். கழிபட்ட இரு மடங்கை இரு பக்கமும் கூட்டினால், ஐந்து மடங்கு 20 ஆகும், எண் 4. குறைந்த பக்கத்தை இப்படி நிறைப்பதுதான் ஜப்ர். இதையெல்லாம் அவர் குறியீடு இல்லாமல் சொற்களாலேயே விளக்கினார்.

1145இல் செஸ்டர் ரொபர்ட் என்ற ஆங்கிலேயர் ஸ்பெயினின் செகோவியாவில் இருந்து நூலை லத்தீனுக்கு மாற்றினார். ஆனால் அதன் பெரும் பகுதி ஒன்றை அவர் மொழிபெயர்க்கவில்லை. அதுதான் வாரிசுரிமை, வஸிய்யத் கணக்குகள். தாய்க்கு எவ்வளவு, மனைவிக்கு எவ்வளவு, மகளுக்கு எவ்வளவு என்று நீதியாகப் பங்கிட மக்களுக்கு உதவுவது, நூலை எழுதியதற்கு குவாரிஸ்மியே சொன்ன காரணங்களில் ஒன்று.

ஆகவே பெற்றோரே, "எனக்கும் கணக்கு வராதுதான்" என்று பிள்ளையின் முன்னால் சொல்லாதீர்கள். தன் பங்கைத் தானே கணக்கிடத் தெரிந்த பெண்பிள்ளையை நாளை யாரும் இலகுவில் ஏமாற்ற முடியாது. அந்தக் கணக்கின் முதற்படி ஒன்பதாம் வகுப்புக் கொப்பியில்தான் இருக்கிறது.