சென்னையில் எழுந்த வினா

கல்லணையில் பிரிந்து வரும் காவிரி நீர் எட்டும் வயல் பசுமை பெறுகிறது. எட்டாத மேடு தரிசாகக் கிடக்கிறது. பயிருக்கு முதல் தேவை யாது என்று தஞ்சை உழவரைக் கேட்டால், நீர் என்றே விடை வரும். பிற விண்மீன்களைச் சுற்றும் உலகங்களில் உயிர் வாழ இயலுமா என்று ஆராயும் அறிஞர்களும் நீரையே முதலிற் கேட்கிறார்கள். உறையாமலும் ஆவியாகாமலும் நீர் தங்குதற்கு ஏற்ற தொலைவில் கோள் ஏதேனும் உளதா என்பதே அவர்தம் தேட்டம்.

இத்தேட்டத்தின் பழைய அத்தியாயம் ஒன்று நம் தமிழகத்திலேயே நிகழ்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-ஆம் ஆண்டில் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வு நிலையக் கட்டடம் ஒன்றை நிறுவினர். பின்னாளில் அதன் தலைவராக விளங்கியவர் காப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். ஒபியூக்கஸ் மண்டலத்தில் எழுபதாம் எண் பெற்ற இரட்டை விண்மீனை அவர் ஆராய்ந்தார். அவ்விரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய 88 ஆண்டுகள் ஆகும். ஆனால் அளந்த இடம் கணக்கிட்ட பாதையினின்று சிறிது விலகி நின்றது. கண்ணுக்குப் புலனாகாத கோள் ஒன்று ஈர்ப்பதால் இவ்விலகல் நேரலாம் என 1855-இல் அவர் எழுதினார். யுரேனஸின் விலகலைக் கொண்டே 1846-இல் நெப்டியூன் கண்டறியப்பட்டது அன்றோ! அதே நெறியை அவர் பிற விண்மீனுக்கும் செலுத்தினார்.

1896-இல் அமெரிக்கரான சீ என்பவரும் அங்கே மறைபொருள் உண்டு என்று வாதித்தார். அவர் கூறிய பாதையில் அத்தகைய பொருள் நிலைத்திராது என்று 1899-இல் மோல்ட்டன் கணித்துக் காட்டினார். பிற்கால அளவைகளும் அக்கோளைக் காணவில்லை.

குறை எங்கே? அவர் நாடிய விலகல் மிக நுண்ணியது. அக்காலக் கருவியின் பிழை அதனினும் பெரிது. மேலும், நம் தலைமேல் அலையும் காற்று விண்மீனொளியைக் கலைத்துவிடுகிறது. ஆகவே தொலைநோக்கியைக் காற்று மண்டலத்துக்கு அப்பால் அனுப்பும் முயற்சி பிறந்தது. 2009-இல் ஏவப்பட்ட கெப்ளர், ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட விண்மீன்களை இடைவிடாது நோக்கியது. கோள் குறுக்கே செல்லுங்கால் விண்மீனின் ஒளி சற்றே மங்கும். பூமி போன்ற கோளாயின் பதினாயிரத்தில் ஒரு பங்கும் குறையாது. அத்துணை நுண்ணிய மங்கலையும் அது அளந்தது. 2018-இல் பணி முடியுமுன் அது திரட்டிய செய்திகளால் 2,600-க்கு மேற்பட்ட கோள்கள் தெரியவந்தன. 2014-இல் அறிவிக்கப்பட்ட கெப்ளர்-186எஃப், பூமியை ஒத்த பருமன் உடையது. நீர் தங்கத்தக்க தொலைவில் உள்ளது. அங்கே நீர் உண்டா என்பது இன்னும் தெரியாது.

ஜேக்கப் தம் அளவைகளை மறைக்காமல் வெளியிட்டார். எனவே பிறர் அவற்றைச் சோதித்துத் திருத்த முடிந்தது. மாணவர்கள் கைக்கொள்ள வேண்டிய நெறி இதுவே. அந்நிலையத்தின் முதற் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழெழுத்தும் பொறிக்கப் பெற்று, நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது.