இல்லாத கையின் வலி

"கைப்புண்ணைக் காணக் கண்ணாடி வேண்டுமா?" என்பது நம் நாட்டுப் பழமொழி. கண்ணெதிரே உள்ள கையைப் பார்ப்பதற்குக் கண்ணாடி எதற்கு என்பது அதன் பொருள். ஆனால், கையை இழந்துவிட்ட ஒருவர், இழந்த அந்தக் கையிலேயே வலிக்கிறது என்றால் என் செய்வது? அவருக்குக் கண்ணாடிதான் வேண்டும் என்று கண்டு சொன்னவர் ஒரு தமிழர். அக்கண்டுபிடிப்புக்குப் பின்னே சில நூற்றாண்டு வரலாறு உண்டு. மாணவ நேயர்களுக்கு அதனைச் சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படைகளுடன் சென்று அறுவை மருத்துவம் புரிந்தவர் அம்புரோஸ் பாரே. கால் துண்டிக்கப்பட்ட வீரர்கள், நெடுநாள் கழிந்த பின்னும் இழந்த காலில் வலிக்கிறது என்று முறையிட்டதை அவர் எழுதி வைத்தார். 1797-இல் டெனெரீப் தீவில் நடந்த போரில் வலக்கையை இழந்த ஆங்கிலக் கடற்படைத் தலைவர் நெல்சனும், அந்தக் கை இன்னும் இருப்பதாகவே உணர்ந்தாராம். கை போன பின்னும் அதன் உணர்வு நிற்பது, உடல் போன பின்னும் ஆன்மா நிற்கும் என்பதற்குச் சான்று என்று அவர் கருதியதாகச் சொல்வர்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்தோர் பல்லாயிரவர். அவர்களுக்கு மருத்துவம் செய்தவருள் ஒருவர் சைலஸ் வியர் மிட்செல். தாம் கண்டதை அவர் முதலில் மருத்துவ ஏட்டில் எழுதவில்லை. 1866-இல் தம் பெயரைக் குறிப்பிடாமல் ஒரு சிறுகதையாக வெளியிட்டார். மெய்யென்று எழுதினால் எவரும் நம்பார் என்று அவர் அஞ்சியிருக்கலாம். வாசகர்களோ கதையை உண்மை வரலாறாகவே எண்ணிக் கதைத்தலைவனுக்குப் பொருளுதவி திரட்டினர்! பின்னர் 1871-இல் தம் பெயரிலேயே எழுதியபோது, இவ்வுணர்வுக்கு 'மாய உறுப்பு' என்று பொருள்படும் பெயரை மிட்செல் வழங்கினார்.

இது மேனாட்டார்க்கு மட்டும் நேர்வதன்று. எங்கள் குன்னூரை அடுத்த வெலிங்டன் படைமுகாம் நகரமாதலால், இப்பக்கத்தில் ஓய்வுபெற்ற வீரர் பலர் வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவர், மார்கழிக் குளிரில் தம் இல்லாத பாதத்தின் விரல்கள் மடங்கி இறுகுகின்றன என்று என்னிடம் சொன்னதுண்டு. வலியைவிட, வீட்டார் அதனை நம்பாமையே அவரை மிகவும் வருத்திற்று.

அவர் சொன்னது எங்ஙனம் உண்மையாகும்? கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் கை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிகிறது அல்லவா? தேயிலை பறிக்கும் பெண் முதுகில் கூடையுடன் செடிகளின் இடையே செல்லும்போது, திரும்பிப் பாராமலே கூடை எதிலும் இடியாதவாறு ஒதுங்கிச் செல்கிறாள். கூடையும் அவள் உடலோடு சேர்ந்துவிட்டது போலும்! உடலின் நிலையைக் குறித்து மூளையில் ஒரு வரைவு உண்டென்றும், அது ஓயாது திருத்தப்படுகிறதென்றும் 1911-இல் ஹெட், ஹோம்ஸ் என்னும் மருத்துவர் இருவர் எழுதினர்.

அவ்வரைவைத் தீட்ட மூளை கேட்கும் சாட்சிகள் முக்கியமாக மூன்று: கண், தோல், தசை. சாட்சி பிறழ்ந்தால் தீர்ப்பும் பிறழும். 1972-இல் குட்வின், மெக்ளாஸ்கி, மேத்யூஸ் என்போர், கண்ணை மூடியிருந்தவர்களின் மேற்கைத் தசைநாணில் அதிர்வுக் கருவியை வைத்தனர். தசை நீளுகிறது என்ற பொய்ச்செய்தி மூளைக்குச் சென்றது. அசையாதிருந்த முழங்கை நீண்டு விரிவதாக அவர்கள் உணர்ந்தனர். 1998-இல் போட்வினிக், கோஹன் என்னும் இருவர், ஒருவரது கையைத் தடுப்பின் பின்னே மறைத்து, அவர் கண்முன் ஒரு ரப்பர் கையை வைத்தனர். இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினர். சிறிது நேரத்தில் ரப்பர் கையே தம் கை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கண்ணை மூடி உம் கை எங்கே என்று கேட்டபோது, ரப்பர் கை இருந்த பக்கமாகவே விலகிச் சுட்டினார். வருடல் முன்பின்னாக நிகழ்ந்தபோது அம்மயக்கம் குன்றியது.

இத்தகைய மயக்கத்தையே மருந்தாக்கியவர் வி. எஸ். ராமச்சந்திரன். 1951-இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். 2003-இல் பி.பி.சி. வானொலியின் ரீத் சொற்பொழிவுகளை நிகழ்த்தியவரும் இவரே. மூளை 'அசை' என்று ஆணையிடுகிறது. அசைந்தது என்ற மறுமொழியோ வருவதில்லை. ஆதலால் மாயக் கை முடங்கிவிட்டதாக மூளை கற்றுக்கொள்கிறது என்று அவர் கருதினார். மூடியற்ற பெட்டியொன்றின் நடுவே கண்ணாடியை நிறுத்தி, உள்ள கையை ஒருபுறம் நுழைத்து அதன் நிழலைப் பார்க்கச் செய்தார். இழந்த கை மீண்டது போன்ற காட்சி! உள்ள கையை அசைத்ததும், பல்லாண்டு முடங்கிக் கிடந்த மாயக் கையும் அசைவதை நோயாளர் உணர்ந்தார். இறுகிய மாய விரல்கள் சிலருக்கு விரிந்தன. 1990-களின் நடுவில் இச்செய்தி வெளியாயிற்று.

2007-இல் அமெரிக்காவின் வால்டர் ரீட் படை மருத்துவமனையிலிருந்து வெளியான ஆய்வில், காலிழந்த வீரர்கள் நான்கு வாரம் பயின்றனர். கண்ணாடியைப் பார்த்துப் பயின்ற 6 பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடி முன் பயின்ற 6 பேருள் ஒருவருக்கே குறைந்தது. சிறிய ஆய்வு இது. எல்லார்க்கும் இம்முறை ஒரே அளவில் பயன்படுவதுமில்லை. எனினும் ஒன்று தெளிவாயிற்று: வலிக்கும் உறுப்பு இல்லையாயினும் வலி உண்டு, அது மூளையில் நிகழும் மெய்ந்நிகழ்ச்சி.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை மருத்துவராவீர்கள். எல்லாரும் ஏதோ ஒரு வீட்டில் நோயாளியின் அருகே அமர்வீர்கள். கண்ணுக்குப் புலப்படாத துன்பத்தை அவர் கூறும்போது, பிரமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பாரேயும் மிட்செலும் ராமச்சந்திரனும் முதலில் செய்தது, எதிரே இருந்தவர் சொன்னதைச் செவிகொடுத்துக் கேட்டதேயாகும்.